நிறம் போனது சரி, சாயம் எங்கே போனது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மாதம் உங்கள் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் சாயத்தைத் தின்னும் பற்றீரியா பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய்களின் படம். ஒன்றில் கருநீலத் தண்ணீர், மற்றதில் இறைத்த கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவு. துணி ஆலைக் கழிவுக்கு இனிக் கவலையில்லை என்று முடித்திருந்தார்கள். எழுதியதில் பிழை இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் என் குறை. மற்றப் பாதியை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டால், என் படிப்பு ஓ.எல். வரைக்கும்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் சாயத்தொட்டிக்குள் கை வைத்தவன். வயது அறுபத்தெட்டு. இப்போதும் இடதுகை நகக்கண்ணில் ஒரு நீலம் இருக்கிறது, போகமாட்டேன் என்கிறது.

1976 இல் இங்கே திருகோணமலையில் ஒரு நெசவு நிலையத்தில், சாயம் போடும் பெரியவர் ஒருவருக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். சிவப்புச் சாரத்துக்கு அப்போது நப்தோல் சாயம். நூலை முதலில் நப்தோல் கரைசலில் தோய்த்துப் பிழிவோம். அதில் சொல்லும்படி நிறம் இருக்காது, வெளிறின மஞ்சள். பிறகு இரண்டாம் தொட்டி. அதற்குள் இருக்கும் 'பேஸ்', அதாவது நப்தோலோடு சேர்ந்து நிறம் தரும் மற்ற மருந்து, சூடேறினால் கெட்டுவிடும், ஐஸ் போட்டுத்தான் கரைக்க வேண்டும். விடியப்புறம் மீன்வாடிக்குப் போய் ஐஸ் வாங்கி, சாக்கைச் சுற்றிச் சைக்கிளில் கட்டி, உருகுவதற்குள் மிதித்து வருவது என் வேலை. சாரத்துக்கும் மீனுக்கும் ஒரே ஐஸ். அந்த மஞ்சள் நூல் குளிர்தண்ணீரில் முங்கினதும் கண் முன்னால் இரத்தச் சிவப்பாகும். பெரியவர் ஒவ்வொரு தடவையும் "முடிச்சு விழுந்திட்டுது" என்பார். எத்தனை ஆயிரம் கழி தோய்த்தும் அந்தக் கணம் எனக்கு அலுத்ததில்லை.

அவர் சொன்ன முடிச்சு என்ன என்று, என் மகள் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. இரண்டு நைதரசன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் ஒரு காபன் வளையத்தையும் பிடித்திருக்கும். அதுதான் அசோ பிணைப்பு. அந்த இணைப்பு இருக்கும் வரைக்கும் நிறம் இருக்கும். 1858 இல் பீற்றர் கிறீஸ் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்த இரசாயனத்திலிருந்து வந்த வித்தை. இன்று உலகம் பாவிக்கும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்த முடிச்சு உள்ளவை.

பற்றீரியா செய்வது அந்த முடிச்சை அவிழ்ப்பது. முடிச்சு அவிழ்ந்தால் நூல் காணாமல் போய்விடுமா? இரு பக்கத்து வளையங்களும் ஆளுக்கொரு நைதரசனோடு தண்ணீரிலேயே கிடக்கும். அரோமற்றிக்கு அமைன்கள் என்று அவற்றுக்குப் பெயர். கண்ணுக்குத் தெரியாது.

சாயம் போடுகிறவனுக்கு இது புதினமான சங்கதியில்லை. நிறம் பிழைத்துப்போன நூலுக்கு ஹைட்ரோஸ் என்ற நிறம் நீக்கும் தூளும் கோஸ்டிக் சோடாவும் போட்டுச் சூடாக்கினால் கொஞ்ச நேரத்தில் கறுப்பு வெளிறிவிடும். உரித்தல் என்போம். உரித்த தண்ணீரைக் காணில் ஊற்றும்போது அது வெறும் தண்ணீர் என்று எங்களில் ஒருவனும் நினைத்ததில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இத்தனை வருஷம் வீட்டுக்கு வெளியே சொல்லாதது. அகதியாகப் போயிருந்த இந்தியாவிலிருந்து திரும்பி வந்து நான் வேலை செய்த ஒரு நிலையத்தில், கழிவுக் காணைப் பார்வையிட அடுத்த நாள் ஆட்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பொறுப்பாக இருந்தவர் பிளீச்சிங் பவுடரைக் காணுக்குள் கொட்டச் சொன்னார். கொட்டினது நான்தான். காலையில் காண் பளிங்கு. வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், எழுதினார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள். பின்வளவில் இருந்த அக்கா தன் கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். உப்புவெளிப் பக்கத்து மணல் உங்களுக்குத் தெரியும், பன்னிரண்டு அடி தோண்டினால் தண்ணீர். மேலே ஊற்றுவது கீழே போக ஒரு மழை போதும். அன்றைக்கு அவர் வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, இண்டைக்குத் தண்ணி வெள்ளையாப் போகுது, நல்லாச் செய்திருக்கிறீங்கள்" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆகவேதான் உங்கள் படத்தில் இருந்த தெளிந்த குழாய் என்னைச் சும்மா இருக்க விடவில்லை.

வீட்டில் பழைய டின் ஒன்றில் 'ரியக்டிவ்' கறுப்புப் பவுடர் கொஞ்சம் கிடந்தது. பருத்திக்குப் போடும் சாயம், இதிலும் அசோ முடிச்சு உண்டு. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை சாயம், ஒரு தேக்கரண்டி சீனி, கொஞ்சம் சோற்றுக்கஞ்சி. முதல் போத்தலில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் காணின் கறுப்புச் சேறு ஒரு கரண்டி போட்டு, காற்றுக்கு இடம் விடாமல் கழுத்து முட்ட நிரப்பி மூடினேன். இரண்டாவதிலும் அதே சேறு, ஆனால் பேரனின் மீன்தொட்டிக் காற்றுப் பம்பை உள்ளே விட்டு இரவு பகலாகக் குமிழ விட்டேன். மூன்றாவதில் உயிரெல்லாம் சாக அவித்த சேறு. அது மகளின் உத்தரவு. தொலைபேசியில், "அப்பா, அவிச்ச சேறு ஒண்டு வைக்காட்டி உங்கட ஆராய்ச்சியை ஒருத்தரும் நம்பமாட்டினம்" என்றாள். சேறு அவிக்கக் குசினிச் சட்டி எடுத்ததற்கு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

இரண்டாம் நாள் முதல் போத்தல் கறுப்பிலிருந்து ஊதா கலந்த ஒரு மங்கலுக்கு வந்தது. நாலாம் நாள் வைக்கோல் நிறம். காற்று விட்ட போத்தல் கொஞ்சம் வெளிறியதோடு சரி, கறுப்பு கறுப்பாகவே நின்றது. அவித்த சேற்றுப் போத்தல் அசையவேயில்லை. காணுக்குள் கிடந்த உயிர்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறது, அதுவும் காற்றில்லாத இடத்தில்தான் செய்திருக்கிறது.

ஏன் காற்றில்லாமல்? மகள் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். பற்றீரியா சீனியைத் தின்னும்போது இலத்திரன்கள் மிஞ்சும். அந்தச் சுமையை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும். ஒட்சிசன் பக்கத்தில் இருந்தால் அதன் தலையில் இறக்கும், அதுதான் அதற்குச் சுகம். ஒட்சிசன் இல்லாவிட்டால் கண்ணில் பட்ட அசோ முடிச்சின் தலையில் இறக்கும். அசோரிடக்டேஸ் என்ற நொதியம் அந்த வேலையைச் செய்யும். இலத்திரன் ஏறினால் முடிச்சு அவிழும். ஆக, என் போத்தலில் தின்னப்பட்டது சாயமில்லை, என் வீட்டுச் சீனி. சீனி போடாமல் நாலாவதாக ஒன்று வைத்துப் பார்த்தேன், ஒரு கிழமையாகியும் பெரிதாக மாறவில்லை. 'தின்னும்' என்று தலைப்பு வைத்ததில் எனக்குள்ள சண்டை இதுதான். சூடோமோனாஸ், பசிலஸ் என்று கட்டுரையில் பெயர்கள் சொன்னவர்கள், அவற்றுக்குத் தீனி யார் போடுவது, எவ்வளவு செலவு என்பதைச் சொல்லவில்லை.

முதல் போத்தலை மூடி திறந்து யன்னலடியில் வைத்தேன். கூழ்முட்டை மணம் வீடெல்லாம். மூன்றாம் நாள் பார்த்தால் மேலிருந்து கீழாக மண்ணிறம் இறங்குகிறது. ஐந்தாம் நாள் சாயம் கூடின வெறுந்தேத்தண்ணீர். யாரும் ஒன்றும் போடவில்லை, காற்றுப் பட்டது அவ்வளவுதான். அவிழ்ந்து கிடந்த அமைன்களில் சில ஒட்சிசனோடு சேர்ந்து வேறு நிறமாகத் திரும்பி வந்திருக்கின்றன. உங்கள் கட்டுரையாளர் அந்தத் தெளிந்த குழாயை நாலு நாள் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று எனக்கு அறிய ஆசை.

அந்தத் துண்டுகள் எல்லாமே நஞ்சு என்றும் சொல்லக்கூடாது. என் மனைவிக்கு முடக்குவாதம். கிளினிக்கில் செம்மஞ்சள் குளிசை ஒன்று கொடுக்கிறார்கள், சல்பாசலசீன். முதல் கிழமை சிறுநீர் மஞ்சளாகப் போகிறது என்று பயந்து நிலையத்துக்கே என்னைத் தேடி வந்தாள். நிறத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம், மகளிடம் கேட்டேன். அதுவும் அசோ முடிச்சுத்தான். குளிசை சிறுகுடலில் பெரும்பாலும் அப்படியே கடந்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே காற்றில்லை, பற்றீரியா கோடிக்கணக்கில். அவை முடிச்சை அவிழ்க்க, உள்ளே இருக்கும் இரண்டு துண்டுகளும் வெளியே வந்து மருந்தாக வேலை செய்கின்றன. என் போத்தலில் நடந்ததே அவள் வயிற்றிலும் தினமும் நடக்கிறது. இதைச் சொன்னபோது, "உங்கட காண் சேறும் என்ர வயிறும் ஒண்டோ?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

அவிழ்ந்து வரும் துண்டு எது என்பதுதான் கேள்வி. பென்சிடீன் என்ற அமைன் வந்தால் அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. சாயத் தொழிற்சாலை ஆட்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருகிறது என்று லுட்விக் ரேன் என்ற ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் 1895 இலேயே சொல்லிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியம் இப்படியான 22 அமைன்களைப் பட்டியல் போட்டு, உடலில் படும் துணியில் அவற்றை விடக்கூடிய அசோ சாயங்களைத் தடுத்திருக்கிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்பது எல்லை. அதைப் பரிசோதிக்கும் விதம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. துணியை எடுத்து, எங்கள் அதே ஹைட்ரோஸைப் போட்டு முடிச்சை அவிழ்த்து, என்ன அமைன் வெளியே வருகிறது என்று பார்க்கிறார்கள். நிறம் போன பிறகுதான் அவர்களுக்கு வேலையே தொடங்குகிறது. துணி வாங்குகிறவனுக்கு இந்தக் காவல் இருக்கிறது, துணி தோய்த்த தண்ணீரின் பக்கம் கிணறு வைத்திருக்கிறவனுக்கும் இருக்க வேண்டாமா?

கட்டுரையில் விடுபட்ட மற்றப் பாதி இரண்டாம் தொட்டி. காற்றில்லாத தொட்டியில் அவிழ்ந்த தண்ணீரை அடுத்து நன்றாகக் காற்று ஊதும் தொட்டிக்கு விட வேண்டும். அங்கே வேறு பற்றீரியாக் கூட்டம், ஒட்சிசனை வைத்து வளையத்தையே உடைக்கும். அது முழுதாக நடந்தால் கடைசியில் காபனீரொட்சைட்டும் தண்ணீரும் அமோனியாவும் மிஞ்சும். எல்லா அமைனும் லேசில் உடையாது. தண்ணீரில் நன்றாகக் கரைவதற்காகச் சல்போனேற்று ஒட்டவைத்த சாயங்களின் துண்டுகள் முரட்டுப் பிள்ளைகள், நாள் எடுக்கும், சில உடையவே உடையாது. எனவே தொட்டியை விட்டுப் போகும் தண்ணீரை நிறத்தை மட்டும் பார்த்து விடக்கூடாது. மகள் ஒரு சுலபமான வழி சொன்னாள், பயறு முளைக்க விட்டுப் பார்ப்பது. கிணற்றுத் தண்ணீரில் இருபது பயறு, முதல் போத்தல் தண்ணீரில் இருபது பயறு. கிணற்றுத் தண்ணீரில் பத்தொன்பது முளைத்தது. போத்தல் தண்ணீரில் ஏழு, அதுவும் வால் கட்டை. என் சீனியும் சேறும் அதில் இருந்தன, ஆகவே இதை நான் ஆய்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தண்ணீரை என் வளவில் ஊற்றவில்லை.

பற்றீரியாவால் கொஞ்சமும் முடியாத ஒன்றும் இருக்கிறது. உப்பு.

1990 இல் போருக்குப் பயந்து இங்கிருந்து இந்தியாவுக்கு வள்ளத்தில் போனவர்களில் நானும் ஒருவன். தமிழ்நாட்டில் மண்டபம், பிறகு பவானிசாகர் அகதி முகாம். கணக்கெடுப்பு நாளில் முகாமில் நின்றுவிட்டு, மற்ற நாட்களில் திருப்பூர். சாயம் தெரிந்தவனுக்கு அங்கே வேலைக்குக் குறைவில்லை. அங்கேதான் ரியக்டிவ் சாயம் பழகினேன். பருத்தியில் அது ஏற வேண்டுமானால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐம்பது அறுபது கிராம் உப்பு, அடர்ந்த நிறத்துக்கு அதற்கும் மேலே, பிறகு சோடா. என்னதான் கவனமாகச் செய்தாலும் போட்ட சாயத்தில் ஒரு பங்கு நூலில் பிடிக்காமல் தண்ணீரோடு போகும். உப்போ முழுவதுமாகப் போகும். நொய்யல் ஆற்றுப் பாலத்தில் நின்று, இன்றைக்கு எந்த நிறத்துக்கு ஓடர் கூட என்று ஆற்றைப் பார்த்தே சொல்லுவோம். அதை ஒரு பகிடியாகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. கீழே ஒரத்துப்பாளையத்தில் விவசாயத்துக்கென்று கட்டிய அணை, சாயத்தண்ணீர் தேங்கும் குளமாகிப் போனது. அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலுக்குப் பிறகு நிறம் மட்டுமா பிரச்சினை, மண்ணே உப்பாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவை வெளியே விடும் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னபோது நான் இங்கே வந்துவிட்டேன். கூட வேலை செய்த கூட்டாளி தொலைபேசியில் அழுதான், அவன் பக்கமும் நியாயம் இருந்தது. இப்போது அங்கே தண்ணீரைச் சவ்வில் வடித்து, மிச்சத்தைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். செலவு பெரிது. அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 'எங்களிடம் பற்றீரியா இருக்கிறது' என்று யாராவது வருவார்கள் என்பது என் பயம்.

உப்பு என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரக் கிணறுகளை இறைத்து இறைத்துக் கை ஓய்ந்த சனம் நாங்கள். மாரி மழை வந்து கழுவினால்தான் உண்டு.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் அதே உப்பில் இருக்கிறது. சாதாரணப் பற்றீரியா உப்புக் கூடின சாயத்தண்ணீரில் சோர்ந்துவிடும். உப்பை விரும்பி வாழும் ஹலோமோனாஸ் போன்ற இனங்கள் அந்தத் தண்ணீரிலும் அசோ முடிச்சை அவிழ்ப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குச்சவெளிப் பக்கத்து உப்பளங்களின் சேற்றில் எதெல்லாம் வாழ்கிறதோ! சூடும் எங்களுக்கு வாய்த்தது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பாகை இந்தப் பற்றீரியாக்களுக்குப் பிடித்தமானது, குளிர்நாட்டுக்காரன் தொட்டியைச் சூடாக்கக் காசு செலவழிக்க வேண்டும், இங்கே சித்திரை வெயில் அதைச் சும்மா செய்யும். கிழக்கில் இருக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் யாராவது இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால் உப்பளச் சேற்றிலிருந்து தொடங்கலாம். போத்தல் கழுவ நான் வருகிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஏறாவூர் புன்னைக்குடாவில் துணி உற்பத்திக்கான வலயம் வருகிறது என்று சில வருஷமாகச் செய்தி படிக்கிறோம். வேலை வரட்டும், எங்கள் பிள்ளைகள் கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போய் வாடகை அறையில் கிடந்தது போதும். மருதமுனை, காத்தான்குடிப் பக்கத்து நெசவுக்காரருக்கும் நூல் கிட்டக் கிடைக்கும் என்றால் இன்னும் நல்லது. அங்கே ஒரு நாள் சுத்திகரிப்பு நிலையம் திறப்பார்கள், ரிப்பன் வெட்டுவார்கள், கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீரைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பார்கள். உங்கள் நிருபர் அன்றைக்குப் போனால் குவளையைப் படம் எடுப்பதோடு நிற்காமல் மூன்று விஷயம் கேட்க வேண்டும். காற்றுத் தொட்டி எங்கே, அதில் தண்ணீர் எத்தனை மணித்தியாலம் நிற்கிறது? வெளியே போகும் தண்ணீரில் அமைன் பார்க்கிறீர்களா, கடைசியாகப் பார்த்த தாளைக் காட்டுங்கள். உப்பு எங்கே போகிறது? 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் உரிமம் எடுத்துத்தான் இப்படியான தொழிலை நடத்தலாம். அந்த உரிமத்தோடு வரும் பரிசோதனை முடிவுகளைப் பக்கத்துக் கிணற்றுக்காரர் பிரதேச சபைப் பலகையில் தமிழில் வாசிக்கக் கிடைக்க வேண்டும்.

பெரிய ஆலை வரும் வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு சின்ன நெசவு நிலையத்துக்கு, மூடி போட்ட சீமெந்துத் தொட்டி ஒன்று, காற்றுப் பம்ப் வைத்த தொட்டி ஒன்று, அடியில் நீர் கசியாத காண். தீனிக்குச் சீனி தேவையில்லை, அரிசி ஆலைக் கழிவும் கஞ்சியும் போதும். உப்புக்கு அது பரிகாரம் ஆகாது, அதற்கு உப்புக் குறைந்த சாயமுறைக்குத்தான் மாற வேண்டும். நான் வேலை செய்த காலத்தில் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பின்வளவு அக்கா இப்போது குழாய்த் தண்ணீர்தான் பாவிக்கிறா, கிணற்றுக்குத் தகரம் போட்டு மூடியாயிற்று.

மூன்று போத்தல்களும் இன்னும் யன்னலடியில் இருக்கின்றன. வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் இருப்பதைப் பேரன் ஒரு நாள் குடிக்கப் பார்த்ததால் சிவப்புப் பெயின்றில் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது தூக்கி எறிந்துவிடுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அதற்கு முன் உங்கள் நிருபர் யாரும் இந்தப் பக்கம் வந்தால் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாயத் தொழிலாளி,
உப்புவெளி, திருகோணமலை.